எம்1009 வண்டியில் விஆர்சி-46: 24 வோல்ட், எர்த், ஆன்டெனா

கேள்வியின் சுருக்கம்: அமெரிக்காவில் வசிக்கிறேன். ராணுவம் ஏலத்தில் விட்ட எம்1009 டீசல் வண்டி ஒன்று வாங்கினேன். அதற்கு ஏற்ற பழைய ராணுவ ரேடியோவைப் பொருத்த ஆசை. ஆர்டி-524 செட், எம்டி-1029 மவுன்ட், ஏஎஸ்-1729 ஆன்டெனா மூன்றும் தனித்தனியாகக் கிடைத்துவிட்டன. கரண்ட் எங்கிருந்து எடுப்பது, ஆன்டெனாவை எப்படி வைப்பது, எந்த அலைவரிசையில் பேசலாம்?

பொருத்தமான சாமான்களாகத்தான் சேர்த்திருக்கிறீர்கள். செவர்லே பிளேசரை அடிப்படையாகக் கொண்டு 1980களின் நடுவில் வந்த வண்டி எம்1009. அமெரிக்கத் தரைப்படை அப்போது வண்டிகளில் வைத்திருந்தது விஆர்சி-12 குடும்பத்து ரேடியோக்கள்தான். புதிய சிங்கார்ஸ் செட்டுகள் வந்து அவற்றை ஒதுக்கியது அதற்குப் பிறகு. ஆகவே காலமும் பொருந்துகிறது, கண்காட்சியில் யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சாமான் தேடும்போது காசு வீணாவது இங்கேதான். விஆர்சி-46 என்பது ஒரு பெட்டியின் பெயர் அல்ல, தொகுப்பின் பெயர். ஆர்டி-524 ஒன்று மட்டும் இருந்தால் அது விஆர்சி-46. அதோடு ஆர்-442 என்ற தனி ரிசீவர் ஒன்று சேர்ந்தால் 47, இரண்டு சேர்ந்தால் 48. ஆர்டி-524 இரண்டு இருந்தால் 49. ஆர்டி-246 தனியாக இருந்தால் 43, ஒரு ரிசீவரோடு சேர்ந்தால் 12. ஆர்டி-246-இல் பத்து அலைவரிசைகளை முன்கூட்டியே வைத்துப் பட்டனால் அழைக்கலாம். உள்ளே மோட்டார் சுற்றி டியூன் செய்யும். பல வருடம் கிடங்கில் கிடந்த செட்டில் அந்த மோட்டாரின் கிரீஸ் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஆர்டி-524-இல் அந்த வசதி இல்லை, குமிழைக் கையால் திருகி வைக்க வேண்டும், பதிலுக்கு ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது. பொழுதுபோக்குக்காக வைத்திருப்பவருக்கு ஆர்டி-524 தான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. கெட்டுப்போக வாய்ப்புள்ள சாமான் அதில் குறைவு.

இனி தேட வேண்டியவை: கரண்ட் கேபிள் சிஎக்ஸ்-4720, ரேடியோவிலிருந்து ஆன்டெனா அடிப்பகுதிக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கேபிள் சிஎக்ஸ்-4722, இரண்டு முனையிலும் பிஎன்சி கனெக்டர் உள்ள ஆர்எஃப் (ரேடியோ சிக்னல்) கேபிள், எச்-189 அல்லது எச்-250 ஹேண்ட்செட். ஏஎம்-1780 இன்டர்காம் ஆம்ப்ளிஃபையரும் சேர்த்து வாங்குங்கள் என்று விற்பவர் சொல்வார். அது கவச வண்டியில் ஹெல்மெட் போட்டிருக்கும் குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. உங்கள் வண்டிக்குத் தேவையில்லை.

"செட் செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் ஆர்டி-524களில் பாதிக்கு மேல் உண்மையில் நன்றாகவே இருக்கும். கோளாறு 24 வோல்ட் வரும் வழியிலோ, எர்த்திலோ, ஆன்டெனா அடிப்பகுதியிலோ இருக்கும். அதனால் இந்தப் பதிலிலும் ரேடியோவைப் பற்றிக் கொஞ்சமும் அது உட்காரும் இடத்தைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

வண்டியில் ஏற்றும் முன் மேசைமேல்

செட்டை நேராக வண்டியில் ஏற்றாதீர்கள். 24 முதல் 28 வோல்ட் வரை, குறைந்தது 15 ஆம்பியர் தரும் பவர் சப்ளை வேண்டும். 12 வோல்ட் கார் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தாலும் போதும், 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் நடுவில் போட்டு. கரண்ட் ரேடியோவுக்குள் போவது மவுன்ட் வழியாக. செட்டை மவுன்ட்டில் தள்ளி முன்பக்கப் பூட்டுகளை இறுக்கும்போது பின்பக்கக் கனெக்டர் போய்ப் பொருந்தும். இந்தக் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போட்டு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். முலாம் போய்விட்டால் அப்புறம் அது நிற்காது.

கரண்ட் கொடுக்கும் முன் எல்லாக் குமிழ்களையும் முழுச் சுற்றில் இருபது முப்பது தடவை திருகுங்கள். சுவிட்ச் தகடுகளில் படிந்த ஆக்சைடு இதிலேயே பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆன்டெனா பிஎன்சியில் 50 ஓம் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) ஒன்றை மாட்டுங்கள். அது 50 வாட் தாங்கக் கூடியதாக இருக்கட்டும். உயர் பவரில் இந்தச் செட் தருவது சுமார் 35 வாட். டம்மி லோட்டோ ஆன்டெனாவோ இல்லாமல் பேசும் பட்டனைத் தொடவே கூடாது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டும் வேலை செய்யாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் பகுதியில் வால்வு இருக்கிறது, அதற்காக உள்ளே பல நூறு வோல்ட் உருவாகிறது.

பவர் சுவிட்சில் ஆஃப், லோ, ஹை, ரிமோட் என்று நான்கு நிலைகள். லோவில் வையுங்கள். ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் சுவிட்ச்) ஆஃப் நிலைக்குத் திருப்பினால் "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல் சீராகக் கேட்க வேண்டும். மெகாஹெர்ட்ஸ் குமிழை 30 முதல் 75 வரை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். 52-க்கும் 53-க்கும் நடுவில் ஏ பாண்ட், பி பாண்ட் சுவிட்சை மாற்ற வேண்டும். ஏதாவது சில எண்களில் மட்டும் இரைச்சல் அடங்கினால் சுவிட்ச் தொடர்பில் கோளாறு; ஒரு பாண்ட் முழுவதுமே ஊமையானால் உள்ளே மாட்யூல் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் மலிவு.

ஹேண்ட்செட் பிளக்கில் ஏ பொது எர்த், பி கேட்கும் ஒலி, சி பேசும் பட்டன், டி மைக். பட்டனை அழுத்தியும் செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போகவில்லை என்றால் ஹேண்ட்செட்டைக் கழற்றி, பட்டனை அழுத்தியபடி ஏ-க்கும் சி-க்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி ஹேண்ட்செட் கேபிள்தான், பிளக்கை ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும்.

24 வோல்ட்: இந்த வண்டியில் உள்ள பொறி

எம்1009 முழு 24 வோல்ட் வண்டி அல்ல. 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இருக்கின்றன. ஸ்டார்ட்டரும் ரேடியோவும் 24 வோல்ட்டில் ஓடும். விளக்கு, ஹார்ன், வைப்பர் எல்லாம் 12 வோல்ட். பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு ஆல்டர்னேட்டர். டாஷ்போர்டில் ஜென் 1, ஜென் 2 என்று இரண்டு எச்சரிக்கை விளக்கு. கீழ் பேட்டரியின் நெகட்டிவ் வண்டிப் பாடியில், மேல் பேட்டரியின் நெகட்டிவ் கீழ் பேட்டரியின் பாசிட்டிவில். அதாவது மேல் பேட்டரி பாடியிலிருந்து 12 வோல்ட் உயரத்தில் மிதக்கிறது.

இதை மனதில் பதித்துக்கொள்ளாமல் வேலை ஆரம்பித்தால் இரண்டு வகையில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, 12 வோல்ட் ஹாம் செட் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசுபவர்களின் ரேடியோ) ஒன்றையும் வைக்கலாம் என்று நினைத்து, "சும்மாதானே இருக்கிறது" என்று அதை மேல் பேட்டரியில் இணைப்பது. செட்டின் நெகட்டிவும் அதன் கூடும் இப்போது பாடியைவிட 12 வோல்ட் மேலே இருக்கும். ஆன்டெனா கேபிளின் வெளிக்கவசம் வண்டி உலோகத்தைத் தொட்ட நொடியில் கீழ் பேட்டரி முழுவதும் அந்த மெல்லிய கேபிள் வழியாக ஷார்ட் ஆகும். கேபிள் எரியும், சில சமயம் வண்டியும். 12 வோல்ட் சாதனம் எதுவானாலும் கீழ் பேட்டரியில் மட்டும்.

இரண்டாவது, முந்தைய உரிமையாளர் வண்டியை முழுக்க 12 வோல்ட்டுக்கு மாற்றியிருப்பது. இந்த வண்டிகளில் இது சாதாரணம். பானெட்டைத் திறந்து, பாடிக்கும் பாசிட்டிவ் முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது எங்கேயாவது 28 வோல்ட் பக்கம் வர வேண்டும். எங்குமே 14-க்கு மேல் வரவில்லை என்றால் மாற்றிவிட்டார்கள். அப்போது 12-லிருந்து 24-க்கு ஏற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். உயர் பவரில் பேசும்போது ஆர்டி-524 சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் 25 ஆம்பியர் போகும். மலிவு கன்வெர்ட்டர் வாங்காதீர்கள். அதன் சுவிட்சிங் இரைச்சல் 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரை பரவி, நீங்கள் கேட்க வேண்டிய பலவீனமான சிக்னலை மூடிவிடும். முடிந்தால் வண்டியைப் பழைய 24 வோல்ட் அமைப்புக்கே திருப்புங்கள். செலவு ஆகும், ஆனால் ரேடியோவுக்கும் வண்டிக்கும் அதுதான் சொந்த நிலை.

24 வோல்ட் சரியாக இருந்தால் மற்றது எளிது. பாசிட்டிவ் வயரைப் பேட்டரி பக்கத்து 24 வோல்ட் முனையிலிருந்தே எடுங்கள். ஃபியூஸ் அந்த முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 20 ஆம்பியர். ஃபியூஸை ரேடியோ பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உராய்ந்து ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. நெகட்டிவையும் தனி வயராகவே முன்பக்க எர்த் முனைக்குக் கொண்டுபோங்கள். பின்பக்கத் தகடு முதல் எஞ்சின் வரை எத்தனை துருப்பிடித்த வெல்டிங் இருக்கிறதோ, அத்தனையையும் நம்ப வேண்டியதில்லை.

வயர் கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் வரை ஒரு வழி 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அது சுமார் 0.03 ஓம், 10 ஆம்பியரில் இழப்பு 0.3 வோல்ட். கவலையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 1.2 வோல்ட் போய்விடும், வயரும் சூடாகும். எஞ்சின் நின்று பேட்டரி 24 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் அந்த ஒரு வோல்ட் பவரில் தெரியும். ராணுவத்தின் சிஎக்ஸ்-4720 கேபிளே கிடைத்தால் கனம் போதுமானதாக இருக்கும். ஆனால் எந்த வயர் பாசிட்டிவ் என்பதை நிறத்தை நம்பி முடிவு செய்யாமல் மீட்டரில் பாருங்கள். பழைய கேபிள்களில் யாரோ எப்போதோ முனையை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பும் நிறுத்தும் முன்பும் ரேடியோ ஆஃபில் இருக்க வேண்டும். ராணுவத்திலும் இதே விதிதான். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் சரிந்து, விடும்போது துள்ளும். பேட்டரி முனை தளர்ந்திருந்தால் ஆல்டர்னேட்டரின் துள்ளல் இன்னும் பெரிதாக இருக்கும். முதலில் சாவது பவர் சப்ளைப் பகுதி. வண்டியை நிறுத்திவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலும் சில ஆம்பியர் போய்க்கொண்டேதான் இருக்கும். அரை நாள் அப்படி வைத்தால் மறுபடி வண்டி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மவுன்ட்

செட்டும் மவுன்ட்டும் சேர்ந்து ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் எடை. மோதலில் அது பறந்து வரக் கூடாது. பின்பக்கத் தரையில் ஓட்டை போடும் முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பிளேசரின் எரிபொருள் டேங்க் பின்பக்கத் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. டிரில் பிட்டுக்கு ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக மாட்டி, தகட்டைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் இறங்காதபடி செய்துகொள்ளுங்கள். டேங்க் மேலே வரும் இடத்தை முழுவதுமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது. தரைத் தகடு மெல்லியது. போல்ட்டுக்குக் கீழே வெறும் வாஷர் போதாது, 3 மில்லிமீட்டர் தடிமனில் பட்டைத் தகடு வைத்து இறுக்குங்கள்.

மவுன்ட்டில் அதிர்வு தாங்கும் ரப்பர்கள் உண்டு. ரப்பர் கரண்டைக் கடத்தாது என்பதால் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே செம்புப் பின்னல் பட்டை இருக்கும். இந்தப் பட்டை அறுந்த மவுன்ட்டுகள் ஏராளம். அறுந்திருந்தால் எர்த் கிடைக்க வேறு வழி தேடி, ஆன்டெனா கேபிளின் கவசம் வழியாக ரேடியோவின் கரண்ட் பாயும். பேசும்போது பேச்சோடு சேர்ந்து ஒரு முனகல் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டையைத்தான். ரேடியோவைச் சுற்றி ஒரு கையகலம் காற்றுக்கு விடுங்கள், மேலே பையோ தார்ப்பாயோ போடாதீர்கள்.

ஆன்டெனா

ஏஎஸ்-1729 மூன்று பகுதி: எம்எக்ஸ்-6707 என்ற அடிப்பெட்டி, கீழ்க் கம்பி, மேல் கம்பி. பொருத்தினால் சுமார் 3 மீட்டர். இது சாதாரணக் கம்பி ஆன்டெனா அல்ல. கீழ்க் கம்பிக்குள் ஆர்எஃப் ஏறிப் போய், நடுவில்தான் சிக்னல் கொடுக்கப்படுகிறது. "கம்பிதானே, நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று அறுத்தவர்களின் ஆன்டெனாக்கள் சந்தையில் கிடக்கின்றன; வாங்கும்போது இரண்டு கம்பிகளின் முனையையும் பாருங்கள்.

அடிப்பெட்டிக்குள் பத்து நிலை மேட்சிங் இருக்கிறது. 30, 33, 37, 42, 47.5, 53, 56, 60, 65, 70.5 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை ஒவ்வொரு நிலையும் தொடங்கும் இடங்கள். நீங்கள் ரேடியோவில் எண்ணை மாற்றும்போது கட்டுப்பாட்டுக் கேபிள் வழியாக உத்தரவு போய், பெட்டிக்குள் சுவிட்ச் தானாகச் சுழன்று உரிய நிலையில் நிற்கும். இதைச் சோதிக்க வழி சுலபம். பேசும் பட்டனைத் தொடாமல், ஒருவர் ரேடியோவை 52-லிருந்து 53-க்கு மாற்றட்டும். நீங்கள் அடிப்பெட்டியில் காதை வையுங்கள். சுவிட்ச் சுழலும் சத்தம் கேட்க வேண்டும். மற்ற எல்லைகளிலும் அப்படியே பாருங்கள். சில எல்லைகளில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் கேபிளில் ஒரு இழை அறுந்திருக்கிறது. எதிலுமே வரவில்லை என்றால் கேபிளில் கரண்டே இல்லை, அல்லது பெட்டிக்குள் தண்ணீர் போய் எல்லாம் இறுகிவிட்டது.

கட்டுப்பாட்டுக் கேபிள் கிடைக்கவில்லையா? மனம் தளர வேண்டாம். பெட்டியில் நிலையைக் கையால் வைக்கும் வசதி உண்டு. கேபிள் வசதி இல்லாத ரேடியோக்களுக்காக வைத்தது. நீங்கள் பேசப்போவது 51 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான். 47.5 முதல் 53 வரையிலான நிலையில் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். 53-க்கு மேல் போனால் அடுத்த நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

எங்கே வைப்பது? பிளேசரின் பின்கூரை ஃபைபர். அதில் வைத்தால் எர்த் இல்லை, பலமும் இல்லை. பின்பக்கப் பாடியின் பக்கவாட்டில் கனமான இரும்புப் பிராக்கெட் போட்டு, முடிந்தால் அதைச் சேஸிஸ் வரை கொண்டுபோய்ப் பிணையுங்கள். கம்பி ஆடும்போது அடிப்பகுதியில் விழும் நெம்பு பெரியது. மெல்லிய தகட்டில் வைத்தால் சில மாதத்தில் தகடு விரிசல் விடும். அடிப்பெட்டியின் போல்ட் ஓட்டைகளை அட்டையில் வரைந்து எடுத்து, அதையே அச்சாக வைத்துத் துளையிடுங்கள்.

பிராக்கெட்டின் மேல்தளத்தில் பெட்டி உட்காரும் இடம் முழுவதும் பெயின்ட் போக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. 1980களின் ராணுவ வண்டிகளில் கார்க் என்ற ரசாயனத் தடுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஐசோசயனேட் அடிப்படையிலான பெயின்ட் அது. அடியில் உள்ள பிரைமரில் குரோமியமும் இருக்கக்கூடும். கிரைண்டரை உலர்ந்தபடி வைத்துத் தூசி பறக்க விடாதீர்கள், பெயின்ட் இருக்கும் இடத்தில் வெல்டிங்கும் வைக்காதீர்கள். தண்ணீர் நனைத்து உப்புத்தாளால் தேயுங்கள், நல்ல ரெஸ்பிரேட்டர் போட்டுக்கொள்ளுங்கள், துடைத்த துணியைப் பையில் கட்டி ஒதுக்குங்கள்.

உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் செம்பு கலந்த ஆன்ட்டி-சீஸ் மெல்லிசாகப் பூசி, பல் வாஷர் வைத்து இறுக்கி, விளிம்பைச் சுற்றி மட்டும் பெயின்ட் அடித்து மூடுங்கள். பிராக்கெட்டிலிருந்து சேஸிஸுக்கு ஈயம் பூசிய செம்புப் பின்னல் பட்டை, ஒரு அங்குல அகலத்துக்குக் குறையாமல், ஒரு முழத்துக்கு மிகாமல். வட்ட வயர் நீளமாகப் போட்டால் மல்டிமீட்டர் "எர்த் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும், 50 மெகாஹெர்ட்ஸுக்கு அது எர்த்தே அல்ல.

அந்த மல்டிமீட்டரின் ஓம் நிலை இணைப்பின் தரத்தைச் சொல்லவும் போதாது. 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கீழ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து இழுத்து, அதன் மறுமுனையை ஆன்டெனா அடிப்பெட்டியின் உலோகத்தில் வைத்து எரிய விடுங்கள். நாலரை ஆம்பியர் அந்த இணைப்பு வழியாகப் பாயும். இப்போது பெட்டிக்கும் சேஸிஸுக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள். பத்து, இருபது மில்லிவோல்ட் என்றால் இணைப்பு நன்று. நூறைத் தாண்டினால் மறுபடி கழற்றித் தேயுங்கள்.

பிறகு ஆன்டெனா அனலைசரை வைத்து 50 முதல் 53 வரை எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) பாருங்கள். புது ஹாம் ஆன்டெனா போல 1.2, 1.3 எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இவ்வளவு அகன்ற எல்லையை ஒரே கம்பியில் அடக்கும்போது ஓரங்களில் 2-ஐத் தாண்டுவது இயல்பு. 3-க்குள் இருந்தால் பேசலாம். ஐந்து, பத்து என்று காட்டினால் பெட்டி தவறான நிலையில் நிற்கிறது, அல்லது இரண்டு கம்பிகளும் சேரும் மரையில் தொடர்பு இல்லை. மரையைத் துடைத்து, கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் கால் சுற்று.

எங்கே பேசலாம்

ரேடியோ 30 முதல் 75.95 வரை 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 920 சேனல் பேசும். அதில் உங்களுக்குச் சட்டப்படி உரியது 50 முதல் 54 வரை, அதுவும் ஹாம் உரிமம் இருந்தால். டெக்னீஷியன் நிலை உரிமமே போதும். 50-க்குக் கீழே ராணுவமும் அரசுத் துறைகளும் பொதுச் சேவைகளும் இருக்கின்றன. 54 முதல் 72 வரை தொலைக்காட்சி. 72-க்கு மேல் ரிமோட்டில் ஓடும் மாடல் விமானங்கள். 75-இல் விமான நிலைய மார்க்கர் பீக்கன், அதாவது இறங்கும் விமானத்துக்கு இடம் காட்டும் சிக்னல். விளையாட்டுக்குக்கூட அங்கே பட்டனை அழுத்தாதீர்கள். குழந்தைகள் வண்டியில் ஏறி விளையாடும் கண்காட்சி நாட்களில் ஹேண்ட்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ராணுவ ரேடியோப் பிரியர்கள் கூடும் இடம் 51.00 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் முடிக்கும்போதும் உங்கள் ஹாம் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும், ராணுவப் பாணியில் எவ்வளவு அழகாகப் பேசினாலும்.

புதிய ஹாம் செட் வைத்திருப்பவரோடு பேசும்போது இரண்டு இடைஞ்சல் வரும். ஆர்டி-524-இன் எஃப்எம் விலகல் (குரலுக்கேற்ப அலைவரிசை நகரும் அளவு) அகலமானது. இன்றைய ஹாம் செட் அதில் பாதி அகலத்துக்குத்தான் தயாராக இருக்கும். நீங்கள் பேசுவது அவருக்கு உரக்கவும் கரகரப்பாகவும் கேட்கும். அவர் பேசுவது உங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அவரை அகல எஃப்எம் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள், நீங்கள் மைக்கிலிருந்து வாயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடுத்தது ஸ்குவெல்ச். "நியூ" நிலையில் 150 ஹெர்ட்ஸ் தொனி வந்தால்தான் உங்கள் ஸ்பீக்கர் திறக்கும். ஹாம் செட்டுகளின் வழக்கமான பட்டியலில் அதற்கு அருகில் இருப்பது 151.4; பெரும்பாலும் அதற்கே திறந்துவிடும். திறக்கவில்லை என்றால் "ஓல்டு" நிலைக்குப் போங்கள். தொனி அனுப்பாத, இதற்கு முந்தைய தலைமுறை ரேடியோக்களோடு பேச வைத்த நிலை அது, வெறும் சிக்னலுக்கே திறக்கும்.

இரைச்சல்

உங்களுடையது டீசல், ஸ்பார்க் பிளக் கிடையாது, பாதித் தலைவலி இல்லை. மீதி ஆல்டர்னேட்டரிடம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது கரண்ட் வயர் வழியாக வருகிறது. மேலே சொன்னபடி இரண்டு வயரையும் நேராக முன்பக்கம் கொண்டுபோயிருந்தால் இது பெரும்பாலும் வராது. உங்களுக்கே ரிசீவில் கேட்கிறது, ஆன்டெனாவைக் கழற்றினால் நிற்கிறது என்றால் காற்று வழியாக வருகிறது. பானெட்டுக்கும் பாடிக்கும், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும், சைலன்சர் குழாயின் பின்முனைக்கும் சேஸிஸுக்கும் பின்னல் பட்டை போடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், எது பலன் தந்தது என்று தெரியும்.

ஓட்டும்போது

3 மீட்டர் கம்பி பிராக்கெட் உயரத்தோடு சேர்ந்து நாலு மீட்டரைத் தாண்டும். பெட்ரோல் பங்க் கூரை, மரக்கிளை, எல்லாவற்றுக்கும் மேலாக மின்கம்பி. சாலையில் போகும்போது நுனியை வளைத்து முன்பக்கம் கட்டிவிடுங்கள். கட்டும் கயிறு நைலானாக இருக்கட்டும், இரும்புக் கம்பி வேண்டாம். கட்டிய பிறகு நுனி ஆள் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும், நுனியில் உருண்டை மூடி கட்டாயம். கண்ணில் குத்தும் உயரத்தில் ஆடும் கம்பியைவிட ஆபத்தானது இந்த வண்டியில் வேறெதுவும் இல்லை. உயர் பவரில் பேசும்போது இரண்டு மீட்டருக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள், கம்பியைத் தொட்டால் தோல் சுடும். பக்கத்து ஊர் வரை பேசுவதற்கு லோ போதும்.

இதே செட்டை எம்151 ஜீப்பில் வைக்க நினைப்பவர்களுக்கு: அது முழு 24 வோல்ட் வண்டி, மேல் பேட்டரிச் சிக்கல் கிடையாது. பதிலுக்குப் பெட்ரோல் எஞ்சின். ஸ்பார்க் பிளக் வயர்களின் உலோகக் கவசத்தை இறுக்கும் நட்டுகளில் ஒன்று தளர்ந்தால் போதும், ரிசீவ் முழுக்கப் படபடப்பு. ரேடியோவைக் குறை சொல்லும் முன் அந்த நட்டுகளைப் பாருங்கள். இன்னும் பழைய எம்38ஏ1-இல் இருப்பது 25 ஆம்பியர் ஜெனரேட்டர். ஐடிலில் அது ஒன்றும் பெரிதாகத் தராது, ஆகவே நின்றுகொண்டு உயர் பவரில் பேசும்போது எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, அம்மீட்டரையோ வோல்ட் மீட்டரையோ ஒரு கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.